ஏடு அறியும் மறதி

முதுமையில் தோன்றும் மறதி நோயின் காரணங்களை ஆராய்வது எளிதன்று. பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆனால் மருத்துவக் குறிப்புகள் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்ட நாட்டில், காத்திருந்த காலம் ஏட்டிலேயே இருக்கிறது.

வேல்ஸ் நாட்டில் 2013 செப்டம்பர் முதல் நாளன்று முதியோருக்கு அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 1933 செப்டம்பர் 2-க்கு முன் பிறந்தோருக்கு ஊசி இல்லை என்பது விதி. ஒரு வாரம் முன்பின்னாகப் பிறந்தவர்கள் உணவிலோ பழக்கத்திலோ வேறுபடுவார்களா? ஊசி பெறும் தகுதி ஒன்றே அவர்களைப் பிரித்தது. ஆராய்ச்சியை எண்ணி எவரும் இவ்விதியை வகுக்கவில்லை. ஆயினும் இதனினும் நல்ல சோதனை வாய்ப்பது அரிது.

அந்நாட்டு மருத்துவக் குறிப்புகள், பெயர் நீக்கப்பெற்று, ஸ்வான்சி பல்கலைக்கழகத்தில் இணைக்கப்படுகின்றன. 2,80,000-க்கு மேற்பட்டோரின் குறிப்புகளை ஆராய்ந்து 2025-இல் முடிவை வெளியிட்டனர்: ஊசி போட்டுக்கொண்டோரிடம் ஏழாண்டுகளில் புதிதாக மறதி நோய் கண்டறியப்படுவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பெண்களிடம் பயன் மிகுதி. காரணம் இன்னும் தெளிவாகவில்லை.

மருத்துவர் எழுதியதையே ஏடு அறியும். "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று நாம் விட்டுவிடும் மறதி எவ்வேட்டிலும் ஏறாது. ஆறு மாதம் மகனுடன் மும்பையிலும் ஆறு மாதம் மகளுடன் கும்பகோணத்திலும் வாழும் தாயாரின் மருத்துவச் சீட்டுகள் இரண்டு பைகளில் கிடக்கின்றன. 2021-இல் நாடு முழுமைக்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க எண், அவரது ஒப்புதலுடன் அவற்றை ஒன்றாக இணைக்கக்கூடும். பழகிய தெருவில் அவர் வழி தவறிய நாளை மருத்துவரிடம் சொல்ல வேண்டியவர் நாமே.