மூலம்னு நினைச்சது மருவா இருந்தா?

ஆவடியிலிருந்து சென்ட்ரல் போற லோக்கல் ட்ரெயின்ல ஏறினா அந்த ஸ்டிக்கர் கண்ணுல படாம இருக்காது: மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம். ஆசனவாய் பக்கத்துல சின்னதா ஒரு தடிப்பு வந்தாலே நம்ம பசங்க அந்த நம்பரைத்தான் தேடுறாங்க. ஆனா அது மூலமா இல்லாம, பாலுறுப்பு மருவாகவும் இருக்கலாம்.

இதுக்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். இதுல 200-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கு. பாலுறுப்பு மருக்களில் 10-க்கு 9, 6 மற்றும் 11-ஆம் வகைகளால் வருபவை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் 16, 18-ஆம் வகைகள். அதனால மரு வந்துட்டா கேன்சர்னு அர்த்தம் இல்லை.

உடலுறவின்போது தோலோடு தோல் உரசுவதால் இது பரவுகிறது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும்; ஆனா அது மூடாத இடத்திலும் வைரஸ் இருக்கலாம் என்பதால் முழுசா தடுக்காது. அதிகம் பாதிக்கப்படுவது 20-களில் இருப்பவர்கள், அதாவது நம்ம வயசு. பல துணைகள், சின்ன வயசிலேயே உறவு, புகைப்பழக்கம், ஹெச்.ஐ.வி. போன்றவற்றால் குறைந்த எதிர்ப்பு சக்தி இதெல்லாம் ஆபத்தைக் கூட்டும்.

"யார்கிட்டேர்ந்து வந்துச்சு?" இந்தக் கேள்விதான் பல உறவுகளை உடைக்குது. வைரஸ் உள்ளே வந்து மரு தெரிய பெரும்பாலும் சில வாரம் முதல் சில மாதம் ஆகும், வருஷக்கணக்கிலும் ஆகலாம். கொடுத்தவருக்கு மருவே வராமலும் இருக்கலாம். அதனால மருவை மட்டும் வச்சு இப்போதைய துணை ஏமாத்திட்டாங்கன்னு முடிவு கட்ட முடியாது.

வெட்கத்துல செய்யுற இன்னொரு தப்பு, கால் ஆணிக்குப் போடுற பிளாஸ்டரை அங்கே ஒட்டுறது. அதுல இருக்கிற ஆசிட் மெல்லிய தோலைப் புண்ணாக்கிடும். ஆண்குறியின் முனையைச் சுற்றி வரிசையா முத்து மாதிரி இருக்கும் சின்னப் புள்ளிகள் பல ஆண்களுக்கு இயல்பானவை. அதுக்கு மருந்தே வேண்டாம். எது எதுன்னு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

சென்ட்ரல்ல இறங்கினா எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கே பால்வினை நோய்ப் பிரிவு இருக்கு. பூச்சு மருந்து, உறைய வைத்தல், மின்சூட்டில் கரித்தல் என்று மருவை நீக்கப் பல வழிகள் உண்டு. நீக்கினாலும் முதல் சில மாதங்களில் திரும்ப வரலாம். அது சிகிச்சையின் தோல்வி இல்லை. கூடவே நம்பிக்கை மையத்தில் ஹெச்.ஐ.வி. பரிசோதனையும் செஞ்சுக்குங்க. சந்தேகம் கேட்க 1097 இலவச எண்.

தடுப்பூசியும் இருக்கு. புனே சீரம் நிறுவனத்தின் 'செர்வாவாக்' 6, 11, 16, 18 நான்கு வகைகளையும் தடுக்கும். 9 முதல் 26 வயது வரை ஆண், பெண் இருவருக்கும் போடலாம். 15 வயசுக்கு மேல 3 டோஸ். வந்துவிட்ட மருவை இது குணமாக்காது. ஆஸ்திரேலியா 2007-ல் பெண்களுக்குப் போட ஆரம்பிச்சது. சில வருஷத்துல இளம்பெண்களிடம் மரு மிகப் பெருமளவு குறைஞ்சது. ஊசி போடாத இளைஞர்களிடமும் குறைஞ்சது.

26 தாண்டுறதுக்குள்ள ஒரு தடவை டாக்டர்கிட்ட இதைப் பத்திக் கேட்டுடுங்க. தங்கச்சி, தம்பி இருந்தா அவங்களுக்கும் சேர்த்து.