அறிவும் விசுவாசமும்

சமயம் நம்பச் சொல்கிறது. விஞ்ஞானம் ஆராயச் சொல்கிறது. இவ்விரண்டில் எதற்குச் செவிசாய்ப்பது என்னும் வினா, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் குடும்பங்களில் என்றேனும் ஒருநாள் எழவே செய்கிறது. பிறந்த மண்ணை விட்டுத் தெலுங்கும் உருதும் வழங்கும் ஐதராபாத்திலே வாழும் தமிழராகிய நமக்கு இவ்வினா சற்று மிகுதியாகவே உறைக்கிறது. சொந்த ஊரில் கோயிலும் திருவிழாவும் சுற்றமும் தாமே கற்றுக்கொடுத்தவற்றை, இங்கே நாம் காரணம் காட்டிக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. ‘ஏன் நம்பவேண்டும்?’ என்று மகன் கேட்குங்கால், ‘கேள்வி கேளாதே’ என்பது விடையாகாது. அவ்விடையால் கேள்வி மறைவதில்லை. கேட்பவனே நம்மிடமிருந்து மறைந்துபோகிறான். இவ்வினாவைக் கிறிஸ்தவ அறிஞர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை இங்கே காண்போம். எச்சமயத்தவர்க்கும் அது பயன் தரும்.

கிறிஸ்தவர் ‘விசுவாசம்’ என்று கூறுவது, சான்று ஏதுமின்றி ஒன்றை ஒப்புக்கொள்ளுவதன்று. ஒருவர்மீது நம்பிக்கை வைத்து, அவர் சொல்லை ஏற்று, அதன்படி வாழத் துணிவதே அச்சொல்லின் முழுப்பொருள். இத்துணிவுக்கு அறிவின் துணை வேண்டுமா என்பதில் ஆதிகாலத்திலேயே கருத்து வேற்றுமை இருந்தது. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், கிரேக்கத் தத்துவத்திற்கும் திருமறைக்கும் என்ன உறவு என்று வினவினார். அதே வட ஆப்பிரிக்காவில் தோன்றிய அகுஸ்தீன் (354–430) வேறு வழி கண்டார். நம்புவதற்கு அறிவு துணைசெய்கிறது. நம்பியதை மேலும் விளங்கிக்கொள்ள நம்பிக்கை துணைசெய்கிறது என்பது அவர் கொள்கை. பின்வந்த ஆன்செல்ம் (1033–1109), விசுவாசம் தன்னைத் தானே விளங்கிக்கொள்ள விழைவது என்றார். அதாவது, வினா எழுப்புவது விசுவாசத்தின் குறைவன்று, அதன் இயல்பே.

இவ்வெண்ணத்திற்குத் திட்டமான வடிவம் தந்தவர் தாமஸ் அக்வினாஸ் (1225–1274). அவருக்கு அரிஸ்டாட்டிலின் தத்துவம் பெரிதும் துணை நின்றது. அத்தத்துவத்தை ஐரோப்பா விளங்கிக்கொள்ள உதவியவர்களுள் இப்னு சீனா, இப்னு ருஷ்து ஆகிய இஸ்லாமிய அறிஞர் தலையாயவர். அக்வினாஸ் அவர்களை மதித்துக் கற்றார். உடன்படாத இடத்தில் மறுத்தும் எழுதினார். இச்செய்தி நாம் வாழும் நகருக்கும் உரியது. அரபு ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்பதற்கென்று 1888இல் ஐதராபாத்தில் தோன்றிய தாயிரத்துல் மஆரிஃப் என்னும் நிலையம், அரிஸ்டாட்டில் நூல்களுக்கு இப்னு ருஷ்து வரைந்த சுருக்க உரைகளை 1947இல் அச்சிட்டு வெளியிட்டது. ஒரு கிரேக்கர் எண்ணியதை ஓர் இஸ்லாமியர் விளக்க, ஒரு கிறிஸ்தவத் துறவி அதனைத் தம் சமயத்தின் விளக்கத்துக்குக் கையாண்டார். அறிவுக்கு ஊரும் இல்லை, மதமும் இல்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அக்வினாஸ் கூறியதைத் தமிழ்த் தருக்க நூலாரின் சொற்களாலேயே நாம் எளிதில் விளக்கலாம். ஒன்றை அறியும் வழிகளை அவர்கள் காட்சி, கருதல், உரை என வகுத்தனர். கண்ணால் நெருப்பைக் காண்பது காட்சி. புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று துணிவது கருதல். நம்பத்தக்கவர் வாய்மொழியால் அறிவது உரை. உலகைக் கண்டு அதற்கு முதற்காரணமாகிய கடவுள் உண்டென்று கொள்வது கருதலின்பாற்படும். அதற்கு அறிவே போதும் என்றார் அக்வினாஸ். கடவுள் ஒருவரே மூவராய் விளங்குகிறார் என்னும் திரித்துவக் கொள்கையோ உரையின்பாற்படும். அதனை அறிவினால் நிறுவ இயலாது. ஆயினும் அது அறிவுக்கு அப்பாற்பட்டதேயன்றி அறிவுக்கு முரணானதன்று. அறிவைத் தந்தவரும் மறையை அருளியவரும் ஒருவரேயாதலின், இரண்டும் மெய்யாகவே மோத வழியில்லை. மோதுவதாகத் தோன்றினால், ஆராய்ந்ததிலோ மறையைப் பொருள் கொண்டதிலோ பிழை நேர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் முடிபு.

இம்முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் இத்தாலியராகிய ராபர்ட் தெ நொபிலி (1577–1656). அவர் 1606இல் மதுரைக்கு வந்து, தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றார். அவருடைய நூல்களின் பெயர்களே அவர் நோக்கத்தைப் புலப்படுத்துகின்றன. ‘கடவுள் நிர்ணயம்’, ‘ஆத்தும நிர்ணயம்’ என்பவற்றில் ‘நிர்ணயம்’ என்பது ஆராய்ந்து துணிதலைக் குறிக்கும். ‘நித்திய ஜீவன சல்லாபம்’ என்னும் நூலோ குருவும் சீடனும் உரையாடும் போக்கில் அமைந்தது. கட்டளையிட்டுப் பணியவைக்காமல் உரையாடித் தெளிவிக்க முயன்றது அவருடைய சிறப்பு. எனினும், பிறர் கொள்கைகளைத் தருக்கத்தால் மறுப்பவர், அதே தருக்கம் தம் கொள்கையையும் உரசிப்பார்க்க இடங்கொடுக்க வேண்டும். தருக்கம் இருபுறமும் கூருடைய வாள் அன்றோ!

எல்லாக் கிறிஸ்தவரும் அறிவுக்கு இவ்வளவு இடம் தந்தாரல்லர். மார்ட்டின் லூதர் (1483–1546), உலகியலில் அறிவின் பயனை ஒப்பினும், அருளின் செயலை அது அளந்து தீர்ப்புக் கூற முற்படுவதைக் கடிந்தார். கணிதத்திலும் பௌதிகத்திலும் பெரும்புகழ் பெற்ற பாஸ்கல் (1623–1662), அறிவை அறவே விலக்குவதும் அறிவையன்றி வேறொன்றையும் ஏலாமையும் ஆகிய இரண்டுமே மிகை என்று கருதினார். எச்சரிக்கை எத்திசையில் தேவை என்பதைக் கலிலியோவின் வரலாறு காட்டும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கொள்கையை ஆதரித்ததற்காகத் திருச்சபையின் விசாரணை மன்றம் 1633இல் அவரைத் தண்டித்தது. அவரைக் கண்டித்தோர் தவறியதை 1992இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் ஒப்புக்கொண்டார். அறிவும் விசுவாசமும் மனித மனம் மெய்ப்பொருளை நோக்கிப் பறப்பதற்கான இரு சிறகுகள் போன்றவை என்று 1998இல் அவரே ஒரு சுற்றுமடலில் வரைந்தார்.

அந்த ஒப்புதலுக்கு ஏறத்தாழ இருநூறாண்டு முன்னரே நம் தமிழ்ப் புலவர் ஒருவர் இவ்விரண்டையும் இணைத்துப் பாடியது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தம் ‘பெத்லகேம் குறவஞ்சி’யில், சூரியனை நடுவாகக் கொண்டு கிரகங்கள் சுழலும் கோப்பர்நிக்கஸின் வானநூற் செய்தியைச் சேர்த்துப் பாடினார். கடவுளைப் போற்றும் நூலில் புதிய வானநூலுக்கும் இடம் இருந்தது. அதனால் பக்தி குன்றவில்லை.

தஞ்சையை விட்டு நம் நகருக்கு மீள்வோம். பேகம்பேட்டையில் 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் ரொனால்ட் ராஸ், கொசுவின் இரைப்பையில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கெட்ட காற்றால் வருவதென்று நெடுங்காலம் எண்ணப்பட்ட காய்ச்சலின் மர்மம் அன்று அவிழத் தொடங்கியது. 1902இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அக்கண்டுபிடிப்பைப் பற்றி ராஸ் இயற்றிய செய்யுள் கடவுளின் கொடையென்று அதனைப் பாடுகிறது. அவருடைய உள்ளத்து நம்பிக்கையை அளப்பது நம் வேலையன்று. கொசுவைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பொறுமையுடன் ஆராய்ந்தது அறிவு. கண்டதன்முன் தலைவணங்கியது நன்றியுணர்வு. நன்றியுணர்வு ஆராய்ச்சியின் வேலையைச் செய்யவில்லை. ஆராய்ச்சியும் நன்றியுணர்வைத் துரத்தவில்லை.

வீட்டில் நாம் கொள்ளவேண்டிய நெறியும் இதுவே. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் செல்வதை விட்டுப் பிரார்த்தனை மட்டும் செய்வது விசுவாசமாகாது. கடவுள் தந்த அறிவை அலட்சியம் செய்வதாகும். காய்ச்சலின் காரணத்தை முற்றும் அறிந்த பின்னும், பிள்ளையை இழந்த தாய்க்கு என்ன கூறுவது என்பதை எந்தச் சோதனைச்சாலையும் கற்பிக்காது. அவ்விடத்தில் மனிதர் பற்றி நிற்பதையே விசுவாசம் என்கிறோம். காரணம் கேட்கும் பிள்ளையை நாம் அஞ்சவேண்டுவதில்லை. அறிந்ததைச் சொல்லுவோம், நிறுவ முடியாததை நிறுவியதாகக் காட்டாது, நாம் நம்புவது அதுவென்று நேர்மையாகச் சொல்லுவோம். அந்த நேர்மையைக் காணும் பிள்ளை வினவுவதையும் நிறுத்தமாட்டான். நம்மை நம்புவதையும் நிறுத்தமாட்டான்.