உஷார்! ஐசியூவிலிருந்து திரும்பிய பெரியவரைக் கட்டிலிலேயே வைத்துப் பார்க்கிறீர்களா?

வென்டிலேட்டரை எடுத்தாயிற்று, வார்டுக்கு மாற்றியாயிற்று, பில் கட்டியாயிற்று, வாசலில் ஆரத்தியும் சுற்றியாயிற்று. ‘கண்டம் தாண்டியாச்சு’ என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சேதியும் போய்விடும். நோயாளிக்கு 70 வயதைத் தாண்டிவிட்டதென்றால் அந்தச் சேதியை அனுப்ப அவசரப்படாதீர்கள். உயிர் தப்பியது நிஜம்தான். ஆனால் தானே எழுந்து பாத்ரூம் போய், தானே குளித்து, தட்டில் போட்டதைத் தானே பிசைந்து சாப்பிடுகிற தெம்பு திரும்புமா என்பது இனிமேல்தான் தெரியும். அதில் பெரும்பகுதி உங்கள் வீட்டுக்குள்தான் முடிவாகப் போகிறது.

அமெரிக்காவின் நியூ ஹேவன் பகுதியில், 70 வயதைக் கடந்தவர்களை யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் பல வருடங்களாக மாதாமாதம் போனில் விசாரித்து வந்தார்கள். குளிக்க முடிகிறதா, உடுத்த முடிகிறதா, நடக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஐசியூவுக்குப் போய்வந்து முடங்கியவர்களில், ஆறு மாதத்துக்குள் பழைய நிலைக்கு வந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான் என்று 2016-ல் அவர்கள் எழுதினார்கள். தேறாமல் பின்தங்கியவர்களிடம் அதிகம் தென்பட்டவை காது மந்தமும் பார்வைக் குறைவும். தேறியவர்களிடம் கொஞ்சம் சதைப்பிடிப்பு இருந்தது. ‘என்னால் முடியும்’ என்ற தைரியமும் இருந்தது. நம் வீடுகளில் நடப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வயிற்றைக் கலக்கும்.

ஐசியூவுக்குள் கொண்டுபோகும்போது கண்ணாடி, காது மிஷின், பல்செட் மூன்றையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்கள். தொலைந்துவிடக் கூடாதே என்று அந்தக் கவர் பீரோவுக்குள் போய்விடும். டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு வாரமானாலும் வெளியே வராது. “படுத்துத்தானே இருக்கார், கண்ணாடி எதுக்கு?” என்பார்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்வது காதில் விழாது. தரை மங்கலாகத் தெரிவதால் கால் வைக்கவே பயப்படுவார். அதைப் பார்த்து ‘அப்பாவுக்குப் புத்தி மந்தமாயிடுச்சு’ என்று வேறு முடிவு கட்டிவிடுவோம். இன்றைக்கே பீரோவைத் திறந்து அந்தக் கவரை எடுங்கள். காது மிஷினுக்குப் புது பேட்டரி போடுங்கள். உடம்பு இளைத்திருந்தால் பல்செட் தளர்ந்துபோயிருக்கும், பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்த ஆபத்து நம் பாசம். “நீங்க எழுந்திருக்காதீங்கப்பா, நான் எடுத்துத் தரேன்.” ஒரு நாளைக்கு இருபது தடவை இதைக் கேட்கிறவருக்கு, தன்னால் எதுவும் முடியாது என்று மனசில் பதிந்துவிடும். உடம்பும் அதற்குத் தோதாக இளைத்துக்கொண்டே போகும். நோய்நொடி இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தசை கரைந்திருந்தது. ஐசியூ நோயாளிகளை லண்டனில் அளந்து பார்த்தபோது, பத்தாம் நாளுக்குள் தொடைத் தசையின் பருமன் சராசரியாக 18 சதவீதம் போலக் குறைந்திருந்தது. ஏற்கெனவே இவ்வளவு இழந்து வந்திருப்பவரை ‘ரெஸ்ட்’ என்று மறுபடி படுக்க வைக்கிறோம்.

கைப்பிடி உள்ள, உயரமான நாற்காலியில் உட்கார வையுங்கள். கைப்பிடியை ஊன்றி எழட்டும், நிற்கட்டும், உட்காரட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். சட்டைப் பட்டனைப் போட பத்து நிமிஷம் ஆனாலும் அவரே போடட்டும். உங்களுக்கு வேலை சுலபம் என்பதற்காக டயப்பரை மாட்டிவிடாதீர்கள். கட்டிலோரம் ஒரு கமோடு நாற்காலி போட்டால் பலருக்குப் போதும். அதற்காக ஒரேயடியாக விரட்டவும் வேண்டாம். வென்டிலேட்டரில் இருக்கும்போதே வழக்கத்தைவிட அதிகமாக நடமாட வைத்துப் பார்த்த பெரிய ஆய்வொன்று 2022-ல் வந்தது. கூடுதல் பலன் இல்லை, சிக்கல்கள்தான் அதிகமாயின. எவ்வளவு, எப்போது என்பதை பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும்.

கஞ்சி விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். காலையில் கஞ்சி, மதியம் ரசம் சாதம், ராத்திரி இரண்டு இட்லி. வயிற்றுக்கு இதம்தான், தசைக்கு இது போதாது. நோயிலிருந்து தேறும் முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். 60 கிலோ என்றால் 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். முட்டை, மீன், பருப்பு, தயிர், சுண்டல் எல்லாம் சேர்த்தால்தான் கட்டுப்படியாகும். கிட்னி கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டாதீர்கள்.

படுத்த நிலையில் வாயில் காபியையோ தண்ணீரையோ ஊற்றவே ஊற்றாதீர்கள்! தொண்டையில் குழாய் இருந்தவர்களுக்கு விழுங்கும் திறன் கெட்டிருக்கலாம். உணவு நுரையீரலுக்குள் இறங்கினாலும் சிலருக்கு இருமல்கூட வராது, நேரே நிமோனியாதான். நிமிர்ந்து உட்கார வைத்துக் கொடுங்கள், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். தண்ணீர் குடித்ததும் குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டால் விழுங்கும் பரிசோதனை வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மாத்திரைகளையும் நம்பி விட்டுவிடாதீர்கள். ஐசியூவில் குழப்பத்துக்கும் தூக்கத்துக்கும் ஆரம்பித்த மருந்து நிறுத்தப்படாமலே டிஸ்சார்ஜ் சீட்டில் ஏறிவிடுவது உண்டு. பத்து கிலோ இளைத்தவருக்குப் பழைய பிரஷர் மாத்திரை, பழைய சுகர் மாத்திரை அளவே தொடர்ந்தால், எழுந்ததும் தலைசுற்றி விழுவார், சர்க்கரை இறங்கி மயங்குவார். பழசும் புதுசுமாக எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய், ‘இதில் எதை நிறுத்தலாம்?’ என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

நினைவும் தடுமாறும். அமெரிக்காவின் நாஷ்வில்லில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், ஐசியூ போய்வந்தவர்களில் நாலில் ஒருவருக்கு, ஒரு வருடம் கழித்தும் ஆரம்பகட்ட அல்சைமர் நோயாளி அளவுக்கு யோசிக்கும் திறன் குறைந்திருந்தது. இளையவர்களும் அதில் உண்டு. ஆகவே பென்ஷன் கையெழுத்து, பாங்க் ஓடிபி, சமையல் கேஸ், ஸ்கூட்டர் சாவி இவற்றில் கொஞ்ச காலம் ஒரு கண் இருக்கட்டும்.

பிசியோதெரபிக்குப் பணமில்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாகச் செய்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். முதியோர் உதவிக்கு 14567.

நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று திடீரென்று ஆளை மாற்றிச் சொன்னாலோ, கூப்பிட்டும் கண் திறக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, ‘பாவம், நல்லாத் தூங்குறார்’ என்று போர்வையை இழுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். மறுபடி கிருமித்தொற்று, சர்க்கரை இறக்கம், உப்புச்சத்துக் குறைவு எதுவாகவும் இருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல் அப்போதே 108-ஐக் கூப்பிடுங்கள். கிளம்பும்போது மாத்திரைப் பையோடு கண்ணாடியையும் காது மிஷினையும் எடுத்துக்கொள்ளுங்கள்.