கருக்குழாயில் தங்கிய கரு

"டியூபில் கரு தங்கிவிட்டதாம், ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்களாம்." நம் பங்குகளில் இச்செய்தி இப்படி ஒரே வரியில் முடிந்துபோகிறது. அந்தத் தாய்க்கு அது அங்கே முடிவதில்லை.

கருவுற்ற முட்டை கருக்குழாய் வழியாக நகர்ந்து கருப்பைக்கு வந்து சேர வேண்டும். நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில் அது வழியிலேயே, பெரும்பாலும் குழாயிலேயே தங்கிவிடுகிறது. பழைய நோய்த்தொற்றோ, முன்பு நடந்த அறுவை சிகிச்சையோ காரணமாக இருக்கலாம். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் எதுவும் தெரிவதில்லை. பப்பாளி தின்றதாலோ குடம் தூக்கியதாலோ இது வருவதில்லை. மாமியார்கள் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

குழாய் கருப்பையைப்போல விரிந்து கொடுக்காது. அது வெடித்தால் வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும். நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் வலி, இரத்தக் கசிவு, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்நேரத்தில் எந்தக் கஷாயமும் உதவாது.

'கருக்கலைப்புச் செய்துவிட்டோமோ' என்று மனம் வாடும் தாய்மார் உண்டு. பாதிக்கப்பட்ட குழாயை அகற்றுவது தாயின் உயிரைக் காக்கும் சிகிச்சை என்றும், குழந்தையின் இறப்பு அங்கே நோக்கமல்ல என்றும் கத்தோலிக்க அறநெறியாளர்கள் நெடுங்காலமாக விளக்கி வருகின்றனர். மெத்தோட்ரெக்சேட் ஊசியைப் பற்றி அவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஐயமிருப்போர் பங்குத்தந்தையிடம் மனம்விட்டுப் பேசலாம். திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகளின் மீட்பை நாம் நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்று 2007இல் பன்னாட்டு இறையியல் குழு எடுத்துரைத்தது.

உடல் தேறுவதற்கு ஆயுர்வேதத்தை நாடுவோர் பலர். பிள்ளை பெற்றவளுக்குத் தரும் பராமரிப்பையே வைத்தியர்கள் ஏறக்குறைய இவர்களுக்கும் தருகின்றனர்: எளிதில் செரிக்கும் கஞ்சி, நல்ல ஓய்வு, எண்ணெய்க் குளியல், பிறகு சதாவரி எனப்படும் தண்ணீர்விட்டான் கிழங்கு சேர்ந்த லேகியம். ஆனால் தையல் ஆறும்வரை வயிற்றில் எண்ணெய் தேய்த்து அழுத்தக் கூடாது. இரத்தம் மிகுதியாக இழந்தவர்களுக்கு டாக்டர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை லேகியத்துக்காக நிறுத்திவிடவும் கூடாது.

ஊசி போட்டுக்கொண்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அம்மருந்து ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுத்தே செயல்படுகிறது, கல்லீரலையும் பாதிக்கக்கூடியது. எனவே கர்ப்ப ஹார்மோன் முற்றிலும் இறங்கிவிட்டதாக இரத்தப் பரிசோதனை காட்டும்வரை ஃபோலிக் மாத்திரையோ மூலிகை மருந்தோ டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. இதற்குச் சில வாரங்கள் ஆகலாம். அதற்குள் குழாய் வெடிக்கவும் வாய்ப்புண்டு. கடும் வலி வந்தால் காத்திருக்க வேண்டாம். குறைந்தது மூன்று மாதங்கள் அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போடவும் சொல்வார்கள்.

ஒரு குழாய் போய்விட்டாலும் மற்றது நன்றாக இருந்தால் இயல்பாகவே கருத்தரிக்கலாம். பத்தில் ஒருவருக்கு இது மீண்டும் வரக்கூடும் என்பதால், அடுத்த முறை நாள் தள்ளியதும் டாக்டரிடம் சொல்லி, 6 அல்லது 7ஆம் வாரத்திலேயே கரு எங்கே இருக்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.