மல்பெரியும் பட்டுப்புழுவும்: திசுக்கள் வளரும் இரு வழிகள்

ஒரே பணிக்காக ஒன்றுகூடிய செல்களின் தொகுதியே திசு எனப்படுகிறது. தாவரத் திசு, விலங்குத் திசு என்று பள்ளிப் பாடநூல் தனித்தனியே பிரித்துவைக்கும் இரண்டையும், ஓசூரை அடுத்த தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை வட்டாரங்களின் மல்பெரித் தோட்டமும் அதையொட்டிய புழு வளர்ப்பு மனையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகின்றன. ஓசூரில் மத்தியப் பட்டு வாரியத்தின் கீழ் இயங்கும் மரபுவள மையமும் மல்பெரி வகைகளையும் பட்டுப்புழு இனங்களையும் சேர்த்தே பாதுகாத்து வருகிறது.

மல்பெரியை உழவர்கள் பெரும்பாலும் விதையிட்டு வளர்ப்பதில்லை. மூன்று நான்கு மொட்டுகள் உள்ள குச்சியை வெட்டி நடுகிறார்கள். முதிர்ந்து ஓய்ந்த தாவரச் செல்களில் சில மீண்டும் பிரியத் தொடங்கி வேராக மாறக்கூடியவை என்பதாலேயே குச்சி பிழைக்கிறது. கிளைகளை ஆண்டுக்குப் பலமுறை கவாத்து செய்தாலும் செடி சளைக்காமல் தழைப்பதற்கு, இலைக்கக்கங்களில் ஒடுங்கியிருக்கும் மொட்டுகளின் ஆக்குத்திசு, அதாவது ஓயாமல் பிரிந்து புதுச் செல்களைத் தரும் திசு, காரணமாகிறது. பிரிவதை நிறுத்திய செல்கள் நிலைத்த திசுவாகி, நீரைக் கடத்தும் சைலமாகவும், இலையில் உருவான உணவைக் கடத்தும் ஃபுளோயமாகவும், இடத்தை நிரப்பி உணவைச் சேமிக்கும் பாரன்கைமாவாகவும் பணி பிரித்துக்கொள்கின்றன. இலையைக் கிள்ளியதும் காம்பில் துளிர்க்கும் வெண்பால், இவற்றினின்றும் வேறான பால்குழல்களிலிருந்து வருகிறது. வேறு சில புழுக்களைக் கொல்லவல்ல அந்தப் பால் பட்டுப்புழுவை ஒன்றும் செய்வதில்லை.

அந்த இலையைத் தின்னும் புழு, பொரித்த நாளிலிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து நாட்களில் நான்கு முறை தோலுரித்து, பத்தாயிரம் மடங்கு எடை கூடுகிறது. எபிதீலியம், இணைப்பு, தசை, நரம்பு என்று பாடநூல் கூறும் விலங்குத் திசுக்களுள், உறுப்புகளின் மேலும் உள்ளும் படலமாகப் படர்வது எபிதீலியம். சுரப்பிகள் பலவும் அதிலிருந்தே உருவாகின்றன. உமிழ்நீர்ச் சுரப்பி மாற்றம் பெற்று உருவான பட்டுச் சுரப்பி, ஒற்றை அடுக்கு எபிதீலியத்தால் ஆன இணைக் குழாய்களாகப் புழுவின் உடலுக்குள் மடிந்து கிடக்கிறது. வியப்புக்குரியது இதன் வளர்ச்சி முறையே: இச்சுரப்பியின் செல்கள் முட்டைக்குள் இருக்கும்போதே எண்ணிக்கையில் நிறைவு பெற்றுவிடுகின்றன, பொரித்தபின் ஒன்றுகூடப் பிரிவதில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு செல்லும் தன் டி.என்.ஏ.வை இலட்சக்கணக்கான மடங்கு படியெடுத்துக்கொண்டு பூதாகாரமாய்ப் பருக்க, அதன் உட்கருவும் கிளைகிளையாய் விரிகிறது. பின்பகுதிச் செல்கள் இழையின் உள்ளீடான ஃபைப்ராயினையும், நடுப்பகுதிச் செல்கள் அதைப் பூசி ஒட்டவைக்கும் செரிசினையும் சுரக்கின்றன. கூழாக இருக்கும் இந்தப் புரதம், கூடு கட்டுவதற்கான தட்டாகிய சந்திரிகையில் ஏற்றிவிட்ட புழு தலையை எட்டு வடிவில் ஆட்டியாட்டி இழுக்கும்போதுதான் நூலாகிறது.

செடியின் வளர்ச்சிக்கு முடிவில்லை. சுரப்பியின் வளர்ச்சிக்குக் கூடு கட்டி முடித்த நாளே எல்லை. கூட்டுப்புழுப் பருவத்தில் அதன் செல்கள் தாமாகவே சிதைந்து கரைந்துவிடுகின்றன. ஓசூரிலோ மாநில எல்லை தாண்டி ராமநகரத்திலோ உள்ள அங்காடியில் விற்கப்படும் கூடு நூற்புக்குச் சென்று, உள்ளிருக்கும் உயிர் வெப்பத்தில் மடிந்துவிடுவதால், சுரப்பி கரைந்தபின் நடப்பதை, புழு முட்டைகளை உற்பத்தி செய்யும் வித்தகங்களில்தான் காணமுடியும்: அங்கே கூட்டின் முனையை உமிழ்நீரால் நனைத்து இளக்கிக்கொண்டு வெளியேறும் அந்துப்பூச்சியின் உடலில் பட்டுச் சுரப்பி இருப்பதில்லை.