அபூர்வ விமானங்களும் ஆட்டத்தின் நியாயமும்

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3ஆம் தேதி, ஜப்பானின் தென்பகுதியிலுள்ள ஃபுகுவோகா நகரத்தை அடுத்த ஒரு விமானத்தளத்திலிருந்து, சிறு இறக்கைகளை மூக்கருகிலும், ஆறு இதழ் கொண்ட சுழல்விசிறியை வால் இருக்க வேண்டிய இடத்திலும் தாங்கிய ஒரு விசித்திரமான வேட்டை விமானம் முதன்முறையாக ஆகாயத்தில் எழுந்தது. அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்களை நான்கு பீரங்கிகளால் துளைத்தெறிவதற்கென்று திட்டமிடப்பட்ட அந்த ‘ஷின்டென்’, மூன்றே தடவை பறந்து, மொத்தத்தில் முக்கால் மணி நேரம் காற்றிலிருந்து, ஒரு பகைவனையும் காணாமலே, யுத்தம் முடிந்ததும் மூலையில் முடங்கிற்று. கட்டி முடித்தவை இரண்டே இரண்டு. அந்தச் சோதனைப் பறத்தல்களில் சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொள்ளக்கூட அதற்கு வாய்க்கவில்லை.

இன்று ‘வார் தண்டர்’ போன்ற கணினி விளையாட்டில் அமரும் இளைஞன் அதே ஷின்டெனில் ஏறிச் சக்கரங்களை இழுத்துக்கொண்டு பறப்பதும், நான்கு பீரங்கிகளையும் முழங்கவிடுவதும், தன்னைப் போலவே இன்னும் இரண்டு மூன்று ஷின்டென்கள் அருகில் அணிவகுத்து வரக் காண்பதும் சர்வசாதாரணம். சரித்திரத்தில் அது எட்டியிராத மணிக்கு 750 கிலோமீட்டர் என்னும் வேகம், வரைபடத்தில் பொறியாளர்கள் போட்ட கணக்கேயன்றி, யாரும் அளந்து கண்டதன்று. ஆகவே விளையாட்டை அமைப்பவர்கள் ஒரு விமானத்தைப் பிரதி செய்கிறார்கள் என்பதைவிட, நிறைவேறாத ஓர் ஆசையை நிறைவேற்றித் தருகிறார்கள் என்பதே பொருந்தும்.

இது தவறா என்று கேட்டால், உடனே ஆமென்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. யுத்தம் என்பது நியாயத்தைக் கருதி நடப்பதல்ல; பகைவன் ஒருவனுக்கு எதிரே தன் பத்துப் பேரை நிறுத்திவிட முடிந்தால் எந்தத் தளபதியும் அதைப் பாக்கியமாகவே கொள்வான். விளையாட்டிலோ, இரு தரப்பாரும் ஏறக்குறைய ஒத்த வலிமையோடு எதிர்ப்படாவிட்டால், தோற்கும் தரப்பார் மறுநாள் வரமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தர எண் கொடுத்து, அந்த எண் நெருங்கியவற்றையே எதிரெதிராக விடுகிறார்கள். அந்த எண்ணைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஆடுபவர்களின் வெற்றி தோல்விக் கணக்கேயொழிய, எந்த ஆண்டில் எந்தப் படையில் அது இருந்தது என்பதல்ல.

சரித்திர உண்மை என்று சொல்லும்போது நம்மவர் பெரும்பாலும் இறக்கையின் நீளத்தையும், பீரங்கியின் விட்டத்தையும், வண்ணப்பூச்சின் சாயலையுமே நினைக்கிறார்கள். இவற்றில் இன்றைய விளையாட்டுக்கள் காட்டும் சிரத்தை வியக்கத்தக்கதுதான். ஆனால் ஒரு விமானத்தின் விதியை நிர்ணயித்தவை வேறு. ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 163 என்னும் ராக்கெட் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பியதுமே சக்கரங்களை உதிர்த்துவிட்டு அம்பென உயரும் அதற்கு, ஏழெட்டு நிமிஷங்களுக்கு மேல் எரிபொருள் கிடையாது. அது தீர்ந்த பிறகு, இயந்திரமற்ற மிதவை விமானம்போல் இறங்கி, அடிவயிற்றிலுள்ள ஒரு சறுக்குக் கட்டையின்மேல் தரையைத் தொட வேண்டும். மீந்த எரிபொருள் குலுங்கி வெடித்தால் விமானி பிழைப்பதில்லை. கசிந்தால் அவன் சதையையே அரித்துவிடும் என்பதற்காகத் தனி உடை அணிவித்திருந்தார்கள். முந்நூற்றுக்கு மேற்பட்டவை கட்டப்பட்டும், அவை வீழ்த்திய பகைவரை இருபதுக்குள் எண்ணி முடித்துவிடலாம்.

விளையாட்டில் எரிபொருள் தீர்வது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பகைவன் சில கிலோமீட்டர் தூரத்திலேயே காத்திருப்பதாலும், ஒரு சண்டை பத்துப் பதினைந்து நிமிஷங்களில் முடிந்துவிடக் கூடியதாலும், மெய்யான யுத்தத்தில் உயிர்க்குறையாக இருந்தது இங்கே சிறு அசௌகரியமாக இளைத்துப்போகிறது. மெஸ்ஸர்ஷ்மிட் 262 என்னும் ஜெட் விமானத்தின் கதியும் இதுவே. அதன் இயந்திரம் பத்து முதல் இருபத்தைந்து மணி நேரம் உழைத்தாலே அதிகம். வேகம் குறைந்து தரையிறங்கும் தறுவாயில்தான் அமெரிக்க மஸ்டாங்குகள் அதன்மேல் பாய்ந்தன. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புத்தம்புது இயந்திரமும், விமானத்தளத்தைச் சுற்றிச் சலியாது சுடும் காவல் பீரங்கிகளும் கிடைக்கிற உலகத்தில், இறக்கையின் அளவு அங்குலம் பிசகாமல் இருந்து என்ன பயன்?

இதைவிட ஒரு படி மேலே போனதும் உண்டு. ஜப்பானியரின் ‘கெய்உன்’ என்பது 1945 மே மாதத்தில் சாதாரண இயந்திரத்தோடு பறந்து பார்த்த வேவு விமானம். அதை ஜெட்டாக மாற்றும் யோசனை காகிதத்தைத் தாண்டவில்லை. ஆயினும் வார் தண்டரில் அந்தக் காகித ஜெட் ஒன்றல்ல, மூன்று உருவங்களில் இடம்பெற்றது. காரணம் எளிது: அந்தப் படிநிலையில் ஜப்பானுக்கு நிறுத்த அப்போது வேறு விமானங்கள் போதவில்லை. அந்த விளையாட்டை நடத்தும் நிறுவனமே 2019இல், மெய்யாகக் கட்டப்படாத சில ஜெர்மானிய டாங்கிகளைப் புதிதாக வருபவர்களுக்குக் கிடைக்காதபடி ஒதுக்கிற்று. முன்பே பெற்றவர்களிடமிருந்து பிடுங்கவில்லை. இடைவெளி இருந்தால் கற்பனையும், இடைவெளி நிரம்பிவிட்டால் சரித்திரமும் என்கிற இந்த ஒழுங்கைக் குறை கூறுவது சுலபம்; அவர்கள் இடத்தில் இருந்து நடத்திக் காட்டுவது கடினம். அபூர்வமான பொருளுக்குத்தான் பணம் கொடுத்து வாங்க ஆளிருக்கிறது என்பதையும் மறந்துவிடலாகாது.

2006இல் வந்த ‘இல்-2 ஸ்டுர்மோவிக்: 1946’ என்னும் விளையாட்டு இவ்விஷயத்தில் நேர்மையாக நடந்துகொண்டது என்பது என் எண்ணம். யுத்தம் 1945இல் முடியாமல் நீண்டிருந்தால் என்று வெளிப்படையாகவே வைத்துக்கொண்டு, வளையம்போன்ற இறக்கையோடு செங்குத்தாக எழும்பும் ‘லெர்ஹே’ போன்ற வரைபடக் கனவுகளை அது பறக்கவிட்டது. பெயரிலேயே கற்பனை என்று பறைசாற்றிய பிறகு ஏமாற்றம் எங்கே வரும்?

அபூர்வ விமானங்களைச் சேர்க்கலாகாது என்று நான் வாதாடவில்லை. அவற்றின் அபூர்வத்தையும் சேர்த்தே தரவேண்டும் என்கிறேன். ஊருக்கு ஒரு தேர் இருக்கும்வரைதான் தேரோட்டம். வீட்டுக்கு ஒரு தேர் புறப்பட்டால் வீதியில் நெரிசலே மிஞ்சும். யுத்தக் களத்தை வகுப்பவர் ஒவ்வொரு வகை விமானத்துக்கும் இத்தனைதான் என்று வரம்பு கட்டும் ஏற்பாடு சில சிமுலேட்டர்களில் இருக்கிறது. அங்கே ஒரு 262ஐ இழந்தால் அன்றைய பொழுதுக்கு அது போனதுதான், மற்றவர்கள் பழைய வேட்டை விமானங்களிலேயே ஏற வேண்டும். யாருக்கு ஜெட், யாருக்குப் பழைய விமானம் என்று அங்கே ஆடுபவர்களிடையே மனஸ்தாபங்கள் எழலாம்; எழட்டும். 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய விமானப்படைத் தளபதி அடால்ஃப் கலாண்ட் தம்முடைய ஜெட் படையைத் திரட்டியபோது, பெயர்பெற்ற விமானிகள் பலர் அதில் வந்து சேர்ந்தார்கள்; அவர்களுக்கும் தொடக்கத்தில் விமானங்கள் போதவில்லை.