உயிர் இருக்கு, முகம்தான் இல்லே!

ராஸ்பெர்ரி பை தெரியுமோ? தின்கிற சமாச்சாரமில்லை ஸார்! 2012-ல் இங்கிலாந்தில் பிறந்த குட்டிக் கம்ப்யூட்டர். தர்மபுரியில் அண்ணன் வீடு. மகனுக்கு விடிந்தால் பள்ளிக் கண்காட்சி. ராத்திரி அதன் நான்காம் மாடலை டி.வி.யில் மாட்டினால்... கும்மிருட்டு! "போச்சு சித்தப்பா!" பையன் கண்ணில் தண்ணீர்.

என் பி.காம். மூளையைக் கசக்கினேன். சிவப்பு விளக்கு எரிகிறது; கரண்ட் வருகிறது. பச்சை விளக்கு தாறுமாறாகச் சிமிட்டுகிறது. மெமரி கார்டைப் படிக்கிறது. ஆக, உயிர் இருக்கு!

இதில் ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டை இரண்டு. ஒரே டி.வி. என்றால் கரண்ட் ஒயருக்குப் பக்கத்து ஓட்டையில் செருகச் சொல்கிறார்கள். நாங்கள் செருகியது மற்றதில்! மாற்றி, முதலில் டி.வி.யைப் போட்டு, அப்புறம் பைக்குக் கரண்ட் கொடுத்தோம். பளிச்!

சிவப்பு விளக்கே அணைந்து அணைந்து எரிந்தால்? மின்சாரம் போதவில்லை. பழைய செல் சார்ஜரைக் கடாசிவிட்டு, 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் மாட்டுங்கள்.

திரை இருண்டால் ஒப்பாரி வேண்டாம். முதலில் நாடி பாருங்க ஸார்!